ஊர் நலச் சங்கம்: 2024-25 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. கஷ்டப்படும் குடும்பங்களுக்கு ஏதாவது செய்வது என்று சென்ற ஆண்டு போட்ட தீர்மானத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரிசி மூட்டை கொடுக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. அரிசி ரேஷனிலேயே விலையில்லாமல் கிடைக்கிறது. வீடு வீடாகப் போய் விசாரித்தபோது பெரிதாக நின்றது கடன்தான். நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம். மற்ற மாதங்களில் காரைக்குடியில் சித்தாள் வேலை, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. இதில் ஒருவர் நோயில் படுத்தால் குழு லோன், அதை அடைக்க இன்னொரு லோன், அப்புறம் நகை அடகு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தாலும் மாதாமாதம் மருந்துக்கடைக்குப் போகும் பணம் அதில் வராது. "எல்லாம் குடியால் வந்தது" என்றார் செயற்குழுவில் ஒருவர். குடி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் போன வீடுகளில் பல, பெண்கள் தனியாக நடத்துபவை.

நூறு நாள் வேலை 2006-ல் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே சிவகங்கை மாவட்டம் இருந்தது. இந்த ஆண்டு அறிவித்த கூலி 319 ரூபாய். வேலையை அளந்து போடுவதால் கைக்கு வருவது குறைவு. அந்தக் கூலியும் மழைக்காலத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் நின்றுபோனது. வட்டிக்காரர் வாசலுக்கு வருவது அந்த இடைவெளியில்தான்.

மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய், முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். திட்டத்துக்குக் குறைவில்லை, காகிதத்தில்தான் சிக்கல். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர். நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவில். பெரிய வீடு ஒன்றைக் காவல் பார்த்து அங்கேயே குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு உரிமைத்தொகை மறுக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் கிடையாது என்பது விதி. வெளிநாட்டில் இருக்கும் முதலாளி வீட்டு மோட்டாரும் வளவு (உள்முற்றம்) விளக்குகளும் இவர்கள் கணக்கில் ஏறிவிட்டன! மேல்முறையீடு எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை, நாங்கள் விடவும் இல்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் வாசகசாலையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தோம், வயதானவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனோம். அன்னதானம் மாதிரி இது படத்துக்கு அழகாக இருக்காது. ஒரு அப்பத்தாவுக்கு நின்றுபோன உதவித்தொகை திரும்ப வந்தது; வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததுதான் காரணம். அடுத்து நெசவாளர்கள். காரைக்குடிப் பக்கம் நெய்யும் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூலி கூடியதா என்று தறிக்காரர்களைக் கேட்டு, நெசவாளர் உதவிகளுக்கும் மனு எழுதித் தர எண்ணம்.

இதற்கு ஆன செலவு ஜெராக்ஸும் பஸ் கட்டணமும்தான். விழா ஃபிளெக்ஸ் செலவைவிடக் குறைவு என்பதைப் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் காணலாம். அடுத்த ஆண்டும் தொடர ஒப்புதல் கேட்கிறேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமை வர முடியுமானால், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்