எதிர்த்து வாக்களித்தவருக்கு ஒரு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நம் கட்டற்ற (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய) மென்பொருள் குழுவின் கொள்கை அறிக்கையைத் திருத்தலாமா என்ற வாக்கெடுப்பில் வாக்கு எண்ணி முடித்து இரண்டு நாள்தான் ஆகிறது, இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. என்ன நடந்தது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நான் மறுபடி கிளறப் போவதில்லை. கொள்கை அறிக்கை திருத்தப்பட்டுவிட்டது, நாம் இரண்டாக உடையவும் இல்லை. அதுவே எனக்குப் போதும்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

திருத்த வரைவை நான் வைத்த அன்று இரவு ஒன்றரை மணி இருக்கும், அவரிடமிருந்து ஒரு பேட்ச் (வரைவில் செய்ய வேண்டிய மாற்றத்தைக் காட்டும் கோப்பு) வந்தது. தொடக்கத்திலிருந்தே இந்தத் திருத்தமே வேண்டாம் என்று சொல்லி வந்தவர் அவர், அதனால் திறக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. உள்ளே பார்த்தால் நீக்கியது சிவப்பில் ஒரு வரி, சேர்த்தது பச்சையில் ஒரு வரி, அவ்வளவுதான். ‘நாம் வெளியிடும் மென்பொருள் முழுவதும் கட்டற்றது’ என்றிருந்த பழைய வாக்கியத்தை, படிக்க நன்றாக இருக்கட்டுமே என்று ‘நாம் வெளியிடும் அனைத்தும்’ என்று மாற்றியிருந்தேன். அவர் ‘மென்பொருள்’ என்ற சொல்லைத் திரும்ப வைத்திருந்தார். கூடவே ஒரு குறிப்பு: அந்த ‘அனைத்தும்’ என்பதற்குள் கையேடு, எழுத்துரு, படம், வைஃபை சில்லுக்குள் ஏற்றும் ஃபர்ம்வேர் (சில்லை இயங்க வைக்கும் உள்நிரல்) எல்லாம் வந்துவிடும், அதைத்தான் கேட்கிறாயா?

நான் அதை நினைக்கவே இல்லை.

டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவின் கதையையும் அவர்தான் சொன்னார். 1997 ஜூலையில் ஏற்ற சமூக ஒப்பந்தம் என்ற தங்கள் அடிப்படை ஆவணத்தை அவர்கள் 2004 ஏப்ரலில் திருத்தினார்கள், அந்தத் தீர்மானத்தின் தலைப்பிலேயே ‘மொழிநடைத் திருத்தங்கள்’ என்றுதான் இருந்தது. அப்புறம்தான் கையேடுகளும் ஃபர்ம்வேரும் திருத்திய வாசகத்துக்குள் அடங்குகின்றன என்பது உறைத்தது. சார்ஜ் என்ற அவர்களின் அடுத்த பதிப்பின் வெளியீடே சிக்கிக்கொள்ள, அது வெளியாகும் வரை திருத்தத்தை ஒத்திவைக்க இன்னொரு வாக்கெடுப்பு வைத்தார்கள். சார்ஜ் வந்தது 2005 ஜூனில். 2022-ல் அதே ஃபர்ம்வேருக்காக ஐந்தாவது பிரிவில் ஒரு வாக்கியம் சேர்க்க மறுபடி வாக்கெடுப்பு. இத்தனைக்கும் அடிப்படை ஆவணத்தைத் தொடவே மூன்றுக்கு ஒன்று பெரும்பான்மை வேண்டும் என்று விதி வைத்திருப்பவர்கள்.

அவர் நினைத்திருந்தால் அந்தச் சொல்லைக் கடைசி நாள் வரை பத்திரமாக வைத்திருந்து, வாக்கெடுப்புக்கு முன்தினம் எடுத்துப் போட்டு வரைவை ஒரேயடியாகக் கவிழ்த்திருக்கலாம் (அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், வெட்கத்தோடு சொல்கிறேன்). செய்யவில்லை. தான் தோற்கப்போகும் வாசகத்தைத் தானே உட்கார்ந்து செப்பனிட்டுக் கொடுத்துவிட்டு, சொன்னபடியே எதிர்த்து வாக்களித்தார்.

மொழிபெயர்த்தவர்கள், வாக்குகளைச் சரிபார்த்தவர்கள், இரு பக்கமும் தனித்தனியே பேசிச் சூட்டைத் தணித்தவர்கள், கோபித்துக்கொண்டு போய் மூன்றாம் நாளே திரும்பி வந்தவர்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ‘வெறும் மொழிநடைத் திருத்தம்’ என்று சொல்லி இனி நான் எதையும் கொண்டுவர மாட்டேன். கொண்டுவந்தால் பிடித்து உலுக்குங்கள்.

அவருக்கு நன்றி என்று எழுதியதற்கு வந்த பதில் ஒரே வரி: “சரி, நிறுவல் பக்கத்தில் இன்னும் பழைய வாசகமே இருக்கிறது, பார்.” பார்த்தேன், இருக்கிறது. இன்றிரவு மாற்றிவிடுகிறேன்.