செயலாளர் ஆண்டறிக்கை: தட்டு எல்லைக் கூட்டாய்வுத் திட்டத்தின் முதல் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புவியோட்டின் பெரும் பாறைத்தட்டுகள் சந்திக்கும் எல்லைகளைப் பல துறையினரும் சேர்ந்து ஆராய, சென்ற பொதுக்குழுவின் ஒப்புதலுடன் தொடங்கிய தட்டு எல்லைக் கூட்டாய்வுத் திட்டத்தின் முதலாண்டுப் பணிகளை அவையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; உறுப்பினர் சேர்க்கையில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே இவ்வறிக்கை திட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

தொடக்கத்தில் நிலநடுக்கக் குழு அலாஸ்காவையும், செயற்கைக்கோள் வழியே தரையின் நகர்வை அளக்கும் ஜிபிஎஸ் குழு நியூசிலாந்தையும், பாறை மற்றும் படிவுக் குழு ஜப்பான் அகழியையும் எடுத்துக்கொண்டன. மூன்று குழுக்களும் தம் அறிக்கைகளை உழைத்தே எழுதியிருந்தன என்றாலும், முதல் கூட்டத்தில் அவற்றை வாசித்தபோது ஒன்றின் முடிவை மற்றொன்றால் சோதிக்க வழியில்லை என்பது தெரிந்துபோயிற்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மார்ஜின்ஸ் திட்டமும், 2010-இல் அதன் தொடர்ச்சியாக வந்த ஜியோபிரிசம்ஸ் திட்டமும் சில இடங்களை மட்டும் தேர்ந்து, பல துறையினரையும் அங்கேயே வேலைசெய்ய வைத்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாக் குழுக்களும் ஒரே எல்லைக்கு வரவேண்டும் என்று இரண்டாம் கூட்டத்தில் முடிவானது. சிலருக்கு அதில் மனவருத்தம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. அலாஸ்காவுக்காகப் பல வாரங்கள் செலவிட்டவர்களின் வருத்தம் நியாயமானதே.

தேர்ந்தெடுத்த இடம் நியூசிலாந்தின் வடதீவுக்குக் கிழக்கே, பசிபிக் தட்டு கீழே அமிழும் ஹிக்குராங்கி எல்லை. இவ்வெல்லையின் தென்பகுதியில் தட்டுகள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக் கிடக்கின்றன. வடபகுதியிலோ, கிஸ்போர்ன் நகருக்கு அப்பாலுள்ள கடலடியில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிர்வாக யாரும் உணராத வகையில், தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று மெல்ல வழுக்கி நகரும், சில வாரங்கள் நீளும் மெதுநழுவல் நிகழ்கிறது. அதே வடபகுதியில்தான் 1947-ஆம் ஆண்டு மார்ச்சிலும் மே மாதத்திலும் நில அதிர்வின் அளவுக்குப் பொருந்தாத பெரிய ஆழிப்பேரலைகள் எழுந்தன. மெதுவாக நழுவும் இடம் ஆபத்தற்ற இடம் என்று எண்ணியிருந்த எங்களில் பலர் (நானும் அவர்களில் ஒருவன்) அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது கடலடி அழுத்தமானிகளின் பதிவுகளே. 2014-இல் அங்கே 24 அழுத்தமானிகளையும் 15 நிலநடுக்கமானிகளையும் கடலடியில் இறக்கிய பன்னாட்டுக் குழுவினர், அவ்வாண்டு நிகழ்ந்த மெதுநழுவலின்போது கடல்தரை 1.5 முதல் 5.4 சென்டிமீட்டர் வரை உயர்ந்ததை அளந்தனர். தரை ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் மேலிருக்கும் நீர் அந்த அளவுக்குக் குறைந்து, அழுத்தம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் ஓர் அலகு) தணியும் என்பதே இதன் அடிப்படை. கேட்க எளிதுதான், ஆனால் ஓதமும் நீரோட்டமும் இதைவிடப் பன்மடங்கு பெரிய ஏற்ற இறக்கங்களைத் தருவதோடு, கருவியும் காலப்போக்கில் தன் அளவிலிருந்து விலகுகிறது. நழுவும் பகுதிக்கு மேலுள்ள கருவியின் பதிவிலிருந்து, நழுவாத பகுதியில் இருக்கும் கருவியின் பதிவைக் கழித்துப் பார்த்தால்தான் தரையின் அசைவு தெரியவரும். இந்தக் கழித்தலை நம் உறுப்பினர்கள் தாமே செய்து பார்த்தபோது முதல் முயற்சி தோற்றது. ஒரு குழு உலகப் பொதுநேரத்திலும் மற்றொரு குழு நியூசிலாந்து நேரத்திலும் கோப்புகளை வைத்திருந்ததே அதற்குக் காரணம். மூன்று கூட்டங்கள் இதற்கே போயின.

தரவுப் பகிர்வில் இன்னொரு பிணக்கும் எழுந்தது. தம் பகுப்பாய்வு முடியும்வரை கோப்புகளைக் கொடுக்க ஒரு குழு தயங்கியது. 2018–19-இல் அலாஸ்கா கடலடியில் 75 நிலநடுக்கமானிகளை வைத்து ஆய்வாளர் அனைவருக்கும் பொதுவாக நடந்த பரிசோதனையில் தரவு எந்தத் தனி ஆய்வாளருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதை நான் எடுத்துக்காட்டினேன். கருவிகள் மீட்கப்பட்ட பின், 2020 ஜூலையில் அப்பகுதியில் 7.8 அளவிலான நிலநடுக்கம் வந்தபோது, அதற்கு முந்தைய நிலையைக் காட்டும் பதிவுகள் எல்லோர் கையிலும் இருந்தன. பெரும் நீண்ட விவாதத்துக்குப் பின், திருத்திய கோப்பு எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் பொதுச் சேமிப்பில் இடவேண்டும் என்ற விதி ஏற்கப்பட்டது. நியூசிலாந்தின் நில அசைவுகளைக் கண்காணிக்கும் ஜியோநெட் வலையமைப்பு தன் பதிவுகளை எவருக்கும் கட்டணமின்றித் தரும்போது, அதை வாங்கி நாம் பூட்டி வைப்பது முறையாகாது என்று ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதே வாக்கெடுப்பைத் தீர்மானித்தது.

விதி வந்தபின் வேலை வேகம் பிடித்தது. 2016 நவம்பர் 14-இல் தென்தீவில் நிகழ்ந்த 7.8 அளவுள்ள கைகோரா நிலநடுக்கத்தின் அலைகள், பல நூறு கிலோமீட்டர் தொலைவில், வடதீவின் கிழக்குக் கடலடியில் மெதுநழுவலைத் தூண்டின என்பது ஆய்வுலகம் அறிந்த செய்தி. ஜிபிஎஸ் குழு தன் வரைபடத்தையும் நிலநடுக்கக் குழு அலைப்பதிவுகளையும் ஒரே நேர அச்சில் அடுக்கிக் காட்டிய மாலையில், திட்டம் உண்மையிலேயே கூட்டாய்வாகிவிட்டதாக உணர்ந்தேன்.

பாறை மற்றும் படிவுக் குழு பின்தங்கியிருக்கிறது. 2018-இல் ஹிக்குராங்கிக் கடலடியில் துளையிட்டு எடுக்கப்பட்ட படிவு மாதிரிகளின் விவரிப்புகளைப் படித்து முடிக்கவே அவர்களுக்கு ஆண்டு போதவில்லை. பணி கடினமானது, ஆட்களும் குறைவு. அக்குழுவுக்கு இருவரையேனும் கூடுதலாக ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு யோசனைகள் வந்துள்ளன. 8 முதல் 15 மாதங்களுக்கு ஒருமுறை ஆழமற்ற மெதுநழுவல் பதிவாகியுள்ள ஜப்பானின் நான்காய் அகழிக்கு ஒப்பீட்டுக்காகச் செல்லலாம் என்பது ஒன்று. ஹிக்குராங்கியிலேயே இன்னோர் ஆண்டு தங்கலாம் என்பது மற்றொன்று. என் கருத்து இரண்டாவதன் பக்கம்: படிவுக் குழுவின் முடிவுகள் இல்லாமல் நான்காய்க்குப் போனால், ஒப்பிட நம்மிடம் பாதிதான் இருக்கும். இதனைத் தீர்மானமாக முன்மொழிந்து, அவையின் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

இவண்,
செயலாளர்