அயுத்தயாவுக்கு அரை நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் வந்த தாய்லாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் அவ்வளவு இடம் கொடுத்துவிட்டு, அதன் பழைய தலைநகரான அயுத்தயாவைப் பற்றி மட்டும் ‘அரை நாள் போதும், இடிந்த சுவர்கள்தான்’ என்று மூன்று வரியில் முடித்திருந்தது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது. நான் கண்டியில் வசிப்பவள். கண்டிக்காரர்கள் அந்த ஊரைப் பற்றி அப்படி எழுதக் கூடாது, அதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நானும் முதலில் அரை நாள்தான் பார்த்தேன். எங்களைக் கூட்டிப்போன பயண ஏற்பாட்டாளர் மூன்று கோயில்களுக்கும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம் கொடுத்தார், வெயில் கொளுத்தியது, பாதிப்பேர் வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை. வாட் மகாதாத் கோயிலில் வேர்களுக்குள் புத்தரின் தலை இருக்கும் மரத்தடியில் ஆளுக்கு ஒரு படம், உடனே அடுத்த இடம். எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் பாங்கொக்கில் இருந்து மூன்றாம் வகுப்பு ரயிலில் தனியாகத் திரும்பிப் போனேன். டிக்கெட் இருபது பாட் அளவுதான். ஸ்டேஷனுக்கு எதிரே நேராக நடந்தால் பா சாக் ஆறு, படகில் அக்கரைக்குப் போய் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு அந்த ஊர், தரை சமம், சைக்கிளுக்குச் சிரமமே இல்லை.

மகாதாத் என்றால் மகாதாது, புத்தரின் புனித எச்சம். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே போய்விட்டதால் கூட்டம் இல்லை. அந்தத் தலை மணற்கல்லில் செதுக்கியது, உடம்பு இல்லை, ஆல மரம் போல இறங்கிய வேர்கள் கன்னத்தையும் நெற்றியையும் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கின்றன, ஒரு பக்கக் காது வேருக்குள் போய்விட்டது, முகம் மட்டும் அமைதியாக வெளியே தெரிகிறது. படம் எடுப்பவர்கள் கீழே உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், நம் தலை புத்தரின் தலைக்கு மேலே போகக் கூடாது என்பது அங்கே விதி. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்பது சிறுவயதிலிருந்தே நமக்குத் தெரியும், அப்படித் தெரிந்த நாமே வெளிநாட்டுக்குப் போனால் மறந்துவிடுகிறோம். சுற்றிலும் தலையில்லாத சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, சிலவற்றின் தோளில் பக்தர்கள் காவித் துணி போர்த்தியிருக்கிறார்கள். அந்தக் கழுத்துக்குப் பின்னால் போய் நின்று தங்கள் தலையை வைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று உங்கள் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அந்தத் தலைகள் போனது போரில் மட்டுமல்ல. 1351இல் தொடங்கி 400 ஆண்டுகளுக்கு மேல் சியாமின், அதாவது அன்றைய தாய்லாந்தின், தலைநகராக இருந்த ஊரை, ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டு, 1767 ஏப்ரலில் பர்மியப் படை எரித்தது. அப்புறம் பாங்கொக்கில் புதுத் தலைநகர் கட்டியபோது இங்கிருந்த செங்கற்களைப் பெயர்த்து ஆற்று வழியே கொண்டுபோனார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் திருடர்கள். 1957இல் வாட் ராட்சபுரணாவின் கோபுரத்துக்குள் துளைத்து நிலவறைத் தங்கத்தில் ஒரு பகுதியை அள்ளிக்கொண்டு போனார்கள், மீதியைத்தான் பக்கத்தில் உள்ள சாவ் சாம் பிரயா மியூசியத்தில் பார்க்கிறோம், தங்க வாளும் கல் பதித்த சின்ன யானையும் அங்கே இருக்கின்றன. அந்த நிலவறைக்கு நான் இறங்கினேன். படிகள் செங்குத்து, ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்க இடமில்லை, உள்ளே காற்றே இல்லை. மங்கிய வெளிச்சத்தில் சுவரில் சிவப்பு ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன.

சரி, கண்டி விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் உபசம்பதா, அதாவது முழுத் துறவு நிலை, பெற்ற பிக்கு ஒருவர்கூட மிஞ்சவில்லை. உபசம்பதா கொடுக்க, அதைப் பெற்ற பிக்குகளே வேண்டும் என்பதால் இங்கே யாரும் யாருக்கும் கொடுக்க முடியாத நிலை. அப்போது கண்டியை ஆண்டவர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சத்து அரசர். வெலிவிட்ட சரணங்கர தேரரின் விடாமுயற்சியால் அவர் அயுத்தயாவுக்குத் தூது அனுப்பினார், அங்கே ஆண்ட போரோமகோட் மன்னர் ஒப்புக்கொண்டார், ஒல்லாந்தர் கொடுத்த கப்பலில் தூதர்கள் போய் வந்தார்கள். 1753இல் அயுத்தயாவிலிருந்து வந்த உபாலி தேரரும் அவருடன் வந்த பிக்குகளும் கண்டியில் உபசம்பதா கொடுத்தார்கள். இன்றைய மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் இரண்டுமே சியாம் நிக்காய என்ற பிக்குகள் பிரிவைச் சேர்ந்தவை, அந்தப் பெயரே அங்கிருந்து வந்ததுதான். உபாலி தேரர் ஊருக்குத் திரும்பவில்லை, 1756இல் கண்டியிலேயே காலமானார்.

அவர் புறப்பட்டு வந்த விகாரை வாட் தம்மாராம். சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் இன்றும் பிக்குகள் வாழும் விகாரையாக இருக்கிறது, அவருடைய நினைவைப் பேணி வைத்திருக்கிறார்கள். நான் போன பின்னேரம் அங்கே வேறு பயணிகள் யாரும் இல்லை. ஒரு வயதான அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார், எனக்கு அவர் பாஷை தெரியாது, ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் சொன்னேன், விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டுக் கைகூப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூது போனது இன்னும் பதினேழு வருடம் பிந்தியிருந்தால் கேட்பதற்கு அந்த நகரமே இருந்திருக்காது என்பதை அந்த முற்றத்தில் நிற்கும்போதுதான் உணர்ந்தேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை எழுதும்போது இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். இங்கிருந்து குழுக்களைக் கூட்டிப்போகிறவர்கள் அயுத்தயாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கட்டும், விடிந்ததும் போய்ச் சேரட்டும், வாட் தம்மாராமையும் பட்டியலில் சேர்க்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் என்று போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். சாயந்தரம் வாட் சைவத்தனாராமில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால் நல்லது, ஆற்றங்கரையில் நிற்கும் அந்தக் கோபுரங்களில் கடைசி வெயில் விழும் நேரம் அது. நான் எடுத்த படங்கள் கொஞ்சம் இருக்கின்றன, வாட் தம்மாராம் படங்களும் உண்டு, பத்திரிகைக்குப் பயன்படும் என்றால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டி