கம்ப்யூட்டர் முன்னால் தலைவலியா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று போன வாரம் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். ராம் எவ்வளவு வேண்டும், விலை எவ்வளவு ஆகும், எல்லாம் சரி. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தலை கனத்து, முகம் எரிந்து, கை மதமதவென்று ஆகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் எழுதுவதில்லை. என் மனைவி அதில் ஒருவர். நாங்கள் பல்லடம் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பில் போட்டுக் கணக்கு எழுதுகிறார்.

வைஃபைதான் உடம்புக்கு ஆகவில்லை என்று அவர் சொன்னபோது சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேர் இதை ஒட்டு, அதை மாட்டு என்றார்கள். ஒரு கடையில் கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். ஒட்டினோம், ஒன்றும் மாறவில்லை. அது நிஜமாகவே அலையைத் தடுத்திருந்தால் நெட்டே வந்திருக்காது என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரிலேயே இதைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருக்கிறது. இவர்கள் படும் அவஸ்தை உண்மை, சிலருக்கு அன்றாடப் பிழைப்பே முடங்கிப்போகும் அளவுக்கு இருக்கும், ஆனால் மின்காந்தப் புலம்தான் காரணம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது அது. அலை வருகிறதா இல்லையா என்று சோதிப்பவருக்கும் தெரியாமல், உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாமல் நடத்திய 46 சோதனைகளை 2010-ல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட சோதனைகள் அவை. அலைதான் அவர்களை வருத்துகிறது என்று சொல்லும்படி உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே நாங்களும் செய்து பார்த்தோம், மனைவியின் சம்மதத்தோடுதான். கம்ப்யூட்டருக்கு லேன் ஒயர் போட்டாயிற்று, அதனால் வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். காலையில் என் மகள் காசு சுண்டிப் பார்த்து, தலை விழுந்தால் வைஃபையைப் போடுவாள், பூ விழுந்தால் நிறுத்துவாள். மோடத்தின் விளக்கு தெரியாமல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்துக்கொள்வாள். இன்றைக்கு இருக்கிறதா இல்லையா என்று இவர் சாயங்காலம் சொல்ல வேண்டும். பதினாலு நாளில் ஏழு நாள்தான் சரியாக வந்தது. அந்தத் தாள்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பத் தலை வலிச்சது பொய்யாங்க?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வலி பொய்யே இல்லை. காரணத்தைத்தான் வேறு எங்கேயாவது தேட வேண்டியிருந்தது.

அப்புறம்தான் ஒயர்மேனைக் கூப்பிட்டேன். எங்கள் அப்பா காலத்து ஓட்டு வீடு, ஆசாரத்தில்தான், அதாவது முன்கூடத்தில்தான், கம்ப்யூட்டர் மேஜை. அவர் வந்ததும் டெஸ்டரை சிபியுவின் தகர டப்பாவில் வைத்தார், பளிச்சென்று இல்லை, மங்கலாக எரிந்தது. பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தது, எர்த் ஒயரும் போயிருந்தது, ஆனால் வெளியே எர்த் குழியில் போல்ட் துருப்பிடித்து ஒயர் தனியாகக் கிடந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்டை எர்த்துக்குத் தள்ளும், எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்த டப்பாவிலேயே நிற்கும் என்றார். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் இல்லை, ஆனால் வெறுங்காலோடு ஈரச் சிமெண்ட் தரையில் நின்று தொட்டால் சுருசுருவென்று கை மதமதக்கும். மூன்று வருடமாக இவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்! குழியைத் தோண்டி, புது போல்ட் போட்டு, கரியும் உப்பும் கொட்டி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். திரும்ப டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. அதோடு கரண்ட் கசிந்தால் தானாகவே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னார், போட்டுவிட்டோம். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், இரண்டு பின் சார்ஜரோடு உலோக உடம்பு லேப்டாப் என்றால் இந்தச் சுருசுருப்பு நிறைய வரும்.

கை சரியாயிற்று, தலைவலிக்கு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. சில மானிட்டர்களில் வெளிச்சத்தைக் குறைத்தால் பின்விளக்கு அதிவேகமாக அணைந்து அணைந்து எரியும். திரையை வெள்ளையாக வைத்துக்கொண்டு அதன் முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டிப் பாருங்கள், பேனா தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தால் அந்த மானிட்டர் மினுக்குகிறது. கடையிலேயே இதைச் செய்து பார்த்து வாங்கலாம், ஃபிளிக்கர் ஃப்ரீ என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்துத் தறிக்குடோனால் எங்களுக்கு வோல்டேஜ் ஏறி இறங்கும், கரண்ட் போனால் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் உர்ரென்று சத்தம் போடும். அதை மாற்றி, லைன் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினோம். மானிட்டர் முன்னால் கண்ணாடி ஃபில்டர் மாட்டச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதெல்லாம் அந்தக் காலப் பெட்டி மானிட்டருக்குச் சொன்னது.

வைஃபையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோதனை அப்படிச் சொன்னாலும் அவர் மேஜைக்கு லேன் ஒயர்தான், கீபோர்டும் மவுஸும் ஒயர் வைத்தவைதான். மோடத்தைத் திண்ணைப் பக்கம் தள்ளி வைத்துவிட்டோம், ராத்திரி அணைத்துவிடுவோம். செலவு சில நூறு ரூபாய், அவருக்கு நிம்மதி, அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சுவருக்குப் பெயிண்ட், ஜன்னலுக்கு வலை, ஸ்டிக்கர் என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். அந்தக் காசில் டாக்டரைப் பாருங்கள். இவருக்கு ரத்தம் குறைவாக இருந்தது, கண்ணாடி பவரும் மாறியிருந்தது. அலை அலை என்றே இருந்ததில் இரண்டையும் கவனிக்காமல் விட்டிருந்தோம்.

தலைவலி அடியோடு போகவில்லை, வாரத்தில் ஒரு நாள் வருகிறது. ஆனால் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் பில் போடுகிறார். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கும்போது டப்பாவில் ஒரு தடவை டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் ஒயர்மேனைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லடம்