நெஞ்சில் காது வைத்துக் கேட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இதய வால்வை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து 3 மாதம் ஆகிறது. நேற்று இரண்டு மாடி ஏறினேன். நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல நடிக்கத் தேவையிருக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்தச் செருப்பு நடிப்பை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. "வயசாகுது, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று 54 வயதில் சொல்லிப் பார்த்தேன். "உங்க அண்ணன் உங்களைவிட 8 வயசு மூத்தவர், அவர் ஏறலையா?" என்றாள். பதில் இல்லை.

அடுத்த நன்றி, காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன என்னைச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்ன இளம் மருத்துவருக்கு. மார்பெலும்பின் வலது மேல் ஓரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர், பிறகு கழுத்திலும் வைத்தார். இரைச்சல் அங்கேயும் கேட்டதாம். நடக்கும்போது நெஞ்சு இறுக்குமா, மயக்கம் வந்ததுண்டா என்று கேட்டார். பேருந்தைப் பிடிக்க ஓடியபோது ஒருமுறை கண் இருட்டியதை மறைத்துவிட்டேன். என் பேச்சைவிடத் தன் காதை நம்பி, ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவுக்கு எழுதிக் கொடுத்தார்.

எக்கோ எடுத்த பெண்மணி திரையை வெகுநேரம் பார்த்தார். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் புறப்படும் வாசல்தான் அயோர்ட்டிக் வால்வு. அதற்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இரண்டு. நூற்றில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம். சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலாலும் வால்வு கெடலாம் என்பதால் அதையும் கேட்டார்கள், எனக்கு வந்ததில்லை. மற்றவர்களுக்கு முதுமையில் படியும் கால்சியம் இரண்டிதழ் வால்வில் முன்கூட்டியே படிந்து இறுகிவிடுகிறது. 3 முதல் 4 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு எனக்கு 0.7தான் திறந்தது. 1க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம்.

இதயநோய் மருத்துவரிடம் மாத்திரை கேட்டுக் கெஞ்சினேன். இந்தச் சுருக்கத்தை விரிக்கும் மாத்திரை கிடையாது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் நோய் நிற்கவில்லை என்றார். அறிகுறி தொடங்கியபின் வால்வை மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் சில ஆண்டுகள்தான் என்பதையும் மென்று விழுங்காமல் சொன்னார். அன்று கோபம் வந்தது, ஐயா, மன்னியுங்கள்.

தொடை வழியாகக் குழாய் செலுத்தி வால்வு வைக்கலாமே என்று, 2002இல் பிரான்சில் அலென் கிரிபியே முதன்முதலில் செய்ததைப் படித்துவிட்டு வாதாடினேன். அறுவை மருத்துவர் சிரிக்காமல் கேட்டார். என் வயதுக்கும் இரண்டிதழ் வால்வுக்கும் நெஞ்சைத் திறப்பதே மேல் என்று படம் போட்டு விளக்கினார். விலங்குத் திசுவால் ஆன வால்வு வைத்தால் பின்னாளில் மறுபடி மாற்ற நேரலாம். உலோக வால்வு என்றால் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க. முடிவை என்னிடமே விட்டார். நான் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவுகளை நோட்டில் எழுதி வைக்கும் மகனுக்கு இனி ஓய்வில்லை.

என் இதயம் நின்றிருந்த நேரத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கியவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இரத்தம் கொடுத்தவர்களின் பெயரும் தெரியாது. இருமல் வரும்போதெல்லாம் நெஞ்சோடு தலையணையை அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த இரவு நேரச் செவிலியரை மட்டும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். அறுவைக்கு முன்பே சொத்தைப் பல்லைப் பிடுங்கிய பல் மருத்துவரையும் மறக்கக் கூடாது. பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம்.

இரண்டிதழ் வால்வு குடும்பத்தில் தொடர்வதுண்டு என்பதால் அண்ணனும் பிள்ளைகளும் எக்கோ எடுத்தார்கள். எடுத்தவர் அதே பெண்மணிதான். அண்ணனுக்கு மூன்று, மகனுக்கு மூன்று. மகளுக்கு இரண்டு. இப்போதைக்கு நன்றாகத் திறந்து மூடுகிறது, அவ்வப்போது வந்து பார்த்தால் போதும் என்று சொல்லி, திரையை அவள் பக்கம் திருப்பியிருக்கிறார். அவளே எண்ணிப் பார்த்தாளாம்.

நன்றியுடன்,
மாடி ஏறத் தொடங்கிவிட்ட ஒருவன்