மஞ்சள் பெருங்குடலை எட்ட வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள்தூளைக் கரைத்துக் குடித்தால் பெருங்குடல் புற்றுநோய் கரையும் என்ற பேச்சு கும்பகோணம், மன்னார்குடி பக்கம் உலவுகிறது. நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

மஞ்சளில், மருந்தாகப் பேசப்படும் குர்குமின் என்ற வேதிப்பொருள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். 5 கிராம் தூளில் 150 மில்லிகிராம். அதையும் குடல்சுவரும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. ஆய்வில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் கொடுத்தும் இரத்தத்தில் தென்பட்டது மிகச் சொற்பம்.

ஆகவேதான் குர்குமினை மாத்திரையாக்கி, உறையிட்டு, பெருங்குடலுக்கே அனுப்பும் முயற்சி. மாத்திரை மேல் பூசும் யூட்ராஜிட் எஸ்100 என்ற பாலிமர் பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாது. பிஎச் (அமில-கார அளவு; குறைந்தால் அமிலத்தன்மை அதிகம்) 7-ஐத் தாண்டும் சிறுகுடல் கடைசியில்தான் கரையும். சிக்கல் அங்கேதான்: பெருங்குடல் தொடக்கத்தில் பிஎச் மறுபடி இறங்கும். அதற்குள் கரையாவிட்டால் மாத்திரை முழுசாகவே வெளியேறலாம். அதனால் பெக்டின் என்ற பழ நார்ப்பொருளும் கொத்தவரை விதைப் பசையும் சேர்க்கிறார்கள்; இவற்றைச் சிதைப்பது பெருங்குடல் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவருக்கு அந்தப் பாக்டீரியா குறையும். வயிற்றுப்போக்கில் மாத்திரை தங்காமல் ஓடும்.

இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் நடக்கும் சோதனைகள். அறுவைசிகிச்சைக்கும் கீமோவுக்கும் மாற்றல்ல. மிளகின் பைப்பரின் சேர்த்த குர்குமின் மாத்திரை, மற்ற மருந்துகளின் அளவை உடலில் கூட்டிவிடக்கூடும். டாக்டரிடம் சொல்லாமல் விழுங்காதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல், கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

– மருந்தியல் ஆசிரியர்கள் சிலர், தஞ்சாவூர்