இரும்பைக் குறைக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் தட்டைப் பார்த்தேன். நாலு துண்டு வெள்ளரிக்காய், ஒரு காபி. மதியச் சாப்பாடே அதுதான் என்றாய். மூன்று வாரத்தில் 64-லிருந்து 60 கிலோவுக்கு வந்துவிட்டதாக ஒரே சந்தோஷம். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னாய்: தோளில் 70 கிலோ பாரை வைத்து உட்கார்ந்து எழுந்து ஸ்குவாட் அடித்த கால் இப்போது 60 கிலோவுக்கே நடுங்குகிறதாம். அம்மாவுக்கு வெள்ளரிக்காய்தான் கவலை. என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த 60 கிலோ ஸ்குவாட்.

என் கதையை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. 1989-இல் மாவட்டப் பளுதூக்கும் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் 72 கிலோ. பெயர் கொடுத்திருந்ததோ 67.5 கிலோ பிரிவில். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி மோர், நடுவில் வேலூர் சத்துவாச்சாரி வெயிலில் ஓட்டம். உடம்பில் தெம்பில்லை, அப்புறம் தூக்கிக்கொள்ளலாம் என்று பாரைத் தொடவே இல்லை. எடை பார்த்தபோது 67.3. ஜம்பமாகத்தான் மேடை ஏறினேன். தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்குவதுதான் ஸ்நாட்ச். பயிற்சியில் விளையாட்டாகப் போடுகிற 85 கிலோ ஸ்நாட்ச், மூன்று வாய்ப்பிலும் தலைக்கு மேல் நிற்கவில்லை. ஸ்நாட்சில் மூன்றும் போனால் போட்டியே போச்சு. குறைந்த 4.7 கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அன்றைக்கு யார் பார்த்தது?

பஞ்சம் வந்தால் விவசாயி சும்மா நிற்கிற மாட்டைத்தான் முதலில் விற்பான், உழவு மாட்டில் கை வைக்க மாட்டான். சாப்பாடு குறைந்த உடம்பும் அப்படித்தான். வேலை கொடுக்காத தசையை வைத்துத் தீனி போடாது. நீயோ கொழுப்பைக் குறைக்கிற 'கட்டிங்' என்று பாரில் எடையைக் குறைத்து, ரெப்ஸை, அதாவது தூக்குகிற தடவையை, கூட்டி, ஒரு மணி நேரம் ஓடுகிறாய். கொழுப்பைக் கரைப்பது சாப்பாட்டுக் கணக்கு. நீ தூக்குகிற இரும்பின் வேலை தசையைக் காப்பது. அதனால் பாரில் இருக்கிற எடையை விடாதே. அசதியாக இருந்தால் ஐந்து செட்டை மூன்றாக்கு. ஓட்டத்துக்குப் பதில் சாயங்காலம் லால்பாக் பூங்காவில் நட, போதும்.

பயப்படவும் வேண்டாம். போன நாலு கிலோவும் முழுக்கத் தசையாக இருக்காது. சோறு குறைந்தால் தசைக்குள் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் குறையும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் கூடவே போய்விடும். முதல் வாரம் தராசு காட்டும் அதிசயத்தில் பெரும்பங்கு அதுதான். இனி வாரத்துக்கு 300, 400 கிராம் குறைந்தாலே நிறைவு. தினமும் செலவாவதைவிட 300, 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் அது நடக்கும்.

புரதம் மட்டும் குறையக் கூடாது. உன் எடைக்கு நாளைக்கு 100 கிராமாவது வேண்டும். முட்டைக்கு 6 கிராம், நாலு முட்டை வை. வெந்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45 தேறும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால், தயிர், பருப்பு. மீதியை இவை பார்த்துக்கொள்ளும். சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சிக்கு முன்னால் ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போ.

தூக்கம். சிகாகோவில் செய்து 2010-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வைப் படித்தேன். இரண்டு தடவையும் அளவான அதே சாப்பாடு. எட்டரை மணி நேரம் படுத்தபோது கரைந்த கொழுப்பில் பாதிகூட, ஐந்தரை மணி நேரம் படுத்தபோது கரையவில்லை. ஆனால் மொத்த எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. மிச்சம் எங்கிருந்து போயிருக்கும், யோசி. ராத்திரி ஒரு மணிக்கு நீ ஆன்லைனில் இருப்பது எனக்கும் தெரிகிறது.

நம்ம ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவுக்குள் நின்றுகொண்டே இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். எடைக்குள்ளும் நிற்க வேண்டும், தூக்கவும் வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் கோட்டை விட்டேன்.

பார்சலில் அம்மாவின் தையல் டேப் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் தொப்புளைச் சுற்றி அளந்து எழுது, பக்கத்தில் அந்த வாரத்து ஸ்குவாட் எடையையும் எழுது. இடுப்பு குறைந்து, ஸ்குவாட் எடை குறையாமல் நின்றால் எனக்கு போன் பண்ணு. ஸ்குவாட் இறங்கினால் அன்றைக்கே பண்ணு.

டேப்புக்கு அடியில் இருக்கும் அதிரசம் உன் அம்மா வேலை. என் கணக்கில் சேர்க்காதே.

அன்புடன்,
அப்பா